அரிக்கமேட்டு மட்கலங்களும் சூளைக் காற்றும்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு என்னும் மண்மேடு உள்ளது. பண்டைத் தமிழகத்தின் கடல் வாணிகத்தைப் பற்றி எழுதப் புகுவோர் எவரும் இம்மேட்டைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. யவனர் மதுச்சாடியின் உடைந்த பகுதிகளும், இத்தாலி நாட்டுச் செங்கலத்தின் ஓடுகளும் இங்குக் கிடைத்தமையே அதற்குக் காரணம். ஆயின் அதே மண்ணில் அவற்றினும் பன்மடங்கு மிகுதியாகக் கிடைத்த நம் நாட்டுக் கலங்கள் பெரும்பாலும் ஓரிரு தொடர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. வந்த கலம் நுண்மையானது, இருந்த கலம் எளியது என்னும் எண்ணம் நம் வரலாற்று நூல்களில் ஆராயப்படாமலே நிலைபெற்றுள்ளது. இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதைச் சூளையின் இயல்பு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூளையின் இயல்பு என்று நாம் கூறுவது முதன்மையாக ஒன்றனையே குறிக்கும். கடுஞ்சூட்டில் களிமண்ணுக்கு ஆக்சிசன் எவ்வளவு கிடைத்தது, எப்பொழுது கிடைத்தது என்பதே அது. கலத்தின் நிறம் பெரும்பாலும் அதனால் அமைகின்றது. உறுதியும் பெரிய அளவில் அதனைச் சார்ந்துள்ளது. ஆகவே நிறத்தை மட்டும் கண்டு இனத்தையும் காலத்தையும் நாகரிக நிலையையும் துணிவதற்கு முன், அந்நிறம் எவ்வாறு பிறந்தது என்பதை அறிதல் இன்றியமையாதது.

அகழாய்வின் வரலாறு

வெள்ளிக் கோள் கதிரவனைக் கடக்கும் காட்சியைக் காண்பதற்காகப் புதுச்சேரிக்கு வந்திருந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழாந்தி, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வீராம்பட்டினத்தை அடுத்த இடிபாடுகளைக் குறித்துள்ளார். எனினும் அவற்றின் சிறப்பு உணரப்பட்டது 1937-ஆம் ஆண்டை ஒட்டியே ஆகும். அப்பொழுது ழுவோ துப்ரேய் இம்மேட்டில் கிடைத்த பொருள்களைக் கண்டு, இஃது உரோமர் வாணிகத்தோடு தொடர்புடைய இடம் என்று அறிவித்தார். 1940-களின் தொடக்கத்தில் பாதிரியார் ஃபோஷே, சுர்லோ ஆகியோர் இங்கு அகழ்ந்தனர். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த ஆம்போரா என்னும் மதுச்சாடியின் உடைந்த பகுதியைக் கண்டு, அது வந்த இடத்தைத் தேடிப் புதுச்சேரிக்குச் சென்றார். அந்நாளில் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த அம்மண்ணில் 1945-இல் அவர் நடத்திய அகழாய்வு, அடுத்த ஆண்டே 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழின் இரண்டாம் எண்ணில் வெளிவந்தது. பின்னர் 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் ஆய்வைத் தொடர்ந்தனர்.

வீலரின் ஆய்வு தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக் கணக்கின் ஒரு கொளுகொம்பைத் தந்தது. இத்தாலியில் அரெட்டியம் என்னும் நகரைச் சார்ந்து வனையப்பட்ட செங்கலங்களில் உரிமையாளர் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். அவை வனையப்பட்ட காலம் ஐரோப்பாவில் முன்னரே நன்கு அறியப்பட்டிருந்தது. எனவே அக்கலத்தோடு ஒரே படிவில் கிடைத்த பொருள்களுக்கும் ஏறத்தாழக் காலம் வரையறுக்க இயன்றது. உட்புறத்தில் வட்டவட்டமாக நுண்வரிக் குறிகள் பதித்த ரூலெட்டட் தட்டுகள் இவ்வாறு காலம் கண்டன. அத்தட்டுகளைத் துணையாகக் கொண்டே 1947-இல் கருநாடகத்தின் பிரமகிரியில் பெருங்கற்படைக் காலத்தை வீலர் கணித்தார். அக்கணிப்பைப் பிற்கால ஆய்வுகள் பெரிதும் முன்தள்ளிவிட்டன என்பதை இன்று அனைவரும் அறிவர். ஆயினும் சிறு ஓடு ஒன்று ஒரு நாட்டின் வரலாற்றையே தாங்கி நிற்கும் என்பதற்கு இஃது ஏற்ற சான்றாகும். அவ்வாறு தாங்கும் ஓட்டினை நாம் எவ்வளவு ஐயமறப் படிக்கின்றோம் என்பதே வினா.

வீலர் பேரறிஞர் என்பதில் ஐயமில்லை. ஆயின் உரோமப் பேரரசின் எல்லைகளுக்கு அப்பாற்பட்ட வாணிகத்தைப் பற்றி 1954-இல் வெளியிட்ட நூலில், அரிக்கமேட்டை எளிய மீனவர் வாழ்ந்த சிற்றூராகக் காட்டி, அங்கு வந்திறங்கிய உணவுக்கலங்கள் உள்ளூர்த் திறனுக்கு மிகவும் அப்பாற்பட்டவை என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். நாம் ஆராயப் புகுவது இக்கூற்றையே.

சூளையில் நிகழ்வது

குயவர் பயன்படுத்தும் மண்ணில் இரும்பும் இலைதழை மட்கிய கரிப்பொருளும் கலந்திருக்கும். சூடு ஏற ஏற முதலில் ஈரம் நீங்கும். பின்னர் 500 பாகை செல்சியஸ் அளவில் களிமண்ணின் அமைப்பிற்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறத் தொடங்கும். அந்நிலை கடந்தபின் அம்மண் மீண்டும் குழைந்து சேறாவதில்லை. மண் கலமாவது இவ்விடத்திலேதான்.

இதன்பின் நிகழ்வதைக் காற்று முடிவு செய்கின்றது. சூளைக்குள் காற்று தடையின்றிப் புகுந்தால் கரிப்பொருள் எரிந்து வளியாகி நீங்கும். இரும்பு ஆக்சிசனை முழுமையாக ஏற்றுச் சிவக்கும். இதனை ஆக்சிசன் ஏற்றம் என்பர். காற்று அடைபட்டுப் புகை நிறைந்தால், எரியும் பொருள் தனக்கு வேண்டிய ஆக்சிசனைக் களிமண்ணில் உள்ள இரும்பினிடமிருந்தே பறித்துக் கொள்ளும். ஆக்சிசன் குன்றிய இரும்பு கருமையோ சாம்பல் நிறமோ பெறும். புகைக்கரியும் நுண்துளைகளிற் படியும். இதனை ஆக்சிசன் ஒடுக்கம் என்பர். ஆகவே ஒரே மண்ணில், ஒரே கையால் வனைந்த இரு கலங்களுள் ஒன்று செக்கச் சிவந்தும் மற்றொன்று கன்னங்கரிய நிறத்திலும் சூளையை விட்டு வெளிவரக் கூடும்.

உறுதிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இருவகைப்பட்டது. முதலாவது, ஆக்சிசன் போதாமையால் வரும் கேடு. கலத்தின் சுவர் தடித்ததாக இருந்து, சூடு விரைந்து ஏறினால், மேற்புறம் சிவந்து நடுவிற் கரி எஞ்சிவிடும். உடைந்த ஓட்டின் விளிம்பில் இரு செந்நிறப் பட்டைகளுக்கு இடையே ஒரு கரிய பட்டை தோன்றுவது இதனால். அந்தக் கரி எரிந்து தீருமுன் மேற்புறம் இளகி அடைபட்டுவிட்டால், உள்ளே பிறக்கும் வளி வெளியேற வழியின்றிச் சுவரை உப்பச் செய்யும். அத்தகைய கலம் பார்வைக்கு முழுமையாக இருப்பினும் வலிமை குன்றியதே.

இரண்டாவது, இதற்கு நேர்மாறானது. ஆக்சிசன் குன்றிய இரும்பு களிமண்ணுக்கு ஓர் இளக்கியாகப் பயன்படுகின்றது. அஃதாவது, மண்துகள்களைத் தாழ்ந்த வெப்பத்திலேயே இளகச் செய்து ஒன்றோடொன்று பிணைக்கின்றது. முற்றும் சிவந்த இரும்பிற்கு இவ்வாற்றல் குறைவு. எனவே ஒரே வெப்பத்தில் சுட்ட இரு கலங்களுள் புகையில் வெந்தது செங்கலத்தினும் இறுகி நிற்றல் கூடும். கருமை அரைவேக்காட்டின் அடையாளம் என்னும் பொதுக்கருத்து இதனால் தகர்கின்றது. நடுவில் மட்டும் எஞ்சிய கருமை வேறு. குயவன் வேண்டி வரவழைத்த கருமை வேறு.

ஆக்சிசனின் இவ்விரு முகங்கள் பழங்கலங்களுக்கு மட்டும் உரியன அல்ல. இக்காலத்தில் கடுஞ்சூட்டைத் தாங்கும் பொருட்டுச் செய்யப்படும் சிலிக்கன் கார்பைடு போன்ற பொருள்களிலும் இதனைக் காண்கின்றோம். சூட்டில் ஆக்சிசனை ஏற்று அவற்றின் மேற்புறத்திற் படரும் மெல்லிய சிலிக்காப் படலம், நுண்விரிசல்களை அடைத்து வலிமையைக் காக்கின்றது. ஆயின் ஆக்சிசன் மிகவும் குறைந்த சூழலில், மிகுந்த வெப்பத்தில், அக்காப்புப் படலம் உருவாகாமல் மேற்புறம் அரிக்கப்பட்டு வலிமை குன்றுகின்றது. ஆக்சிசன் நல்லதா தீயதா என்னும் வினாவுக்கு விடையில்லை. எவ்வளவு, எவ்வெப்பத்தில், எந்நேரத்தில் என்பனவே வினாக்கள்.

இருநிறக் கலம்

அரிக்கமேட்டின் கீழ்ப்படிவுகளிலும், ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி முதலிய இடங்களிலும் கிடைக்கும் கருப்பு சிவப்புக் கலங்களை இனி நோக்குவோம். இவற்றின் உட்புறமும் வாய்விளிம்பும் கருமை. வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி செம்மை. இரு நிறமும் வண்ணம் தீட்டியதால் வந்தவை அல்ல. ஒரே சுவரின் ஒருபால் ஆக்சிசன் ஒடுங்கியும் மறுபால் ஏறியும் உள்ளன.

இஃது எவ்வாறு இயன்றது என்பதற்கு இரு விளக்கங்கள் கூறுவர். கலத்தைக் கவிழ்த்து அடுக்கி, வாய்ப்புறத்தைச் சாம்பலிலும் வைக்கோல் முதலியவற்றிலும் புதையச் செய்து சுட்டனர். அதனால் உள்ளே காற்றுப் புகாமல் கருமையும், வெளியே காற்றுப் பட்டுச் செம்மையும் பிறந்தன என்பது ஒன்று. முதலிற் கலம் முழுவதையும் சிவக்கச் சுட்டு, இரண்டாம் முறை வேண்டிய பகுதியை மட்டும் புகையிற் கருக வைத்தனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டனுள் எது எவ்விடத்தில் வழங்கியது என்பதை ஒவ்வோர் ஊரின் ஓட்டையும் உடைத்து நோக்கியே துணிதல் வேண்டும். ஆயின் எவ்விளக்கத்தைக் கொண்டாலும் ஒரு முடிவு மாறாது. காற்றைத் தடுக்கவும் விடவும் அறிந்த ஒருவனாலன்றி, ஊர்தோறும் நூற்றாண்டுகள் பலவாக இந்நிறப் பிரிவை ஒரே ஒழுங்கில் வரவழைத்தல் இயலாது. தற்செயலாக ஒரு கலம் இருநிறம் பெறலாம். ஆயிரம் கலங்கள் பெறுதல் தொழிலறிவே ஆகும்.

மேற்புறத்தைக் கூழாங்கல் போன்றவற்றால் தேய்த்து மெருகேற்றியமையும் இத்தொழிலறிவின் பகுதியே. தேய்த்த பரப்பில் மண்துகள்கள் நெருங்கிப் படிவதால் நுண்துளைகள் அடைபடுகின்றன. ஏற்ற கருமை எளிதில் நீங்குவதில்லை.

அரெட்டியச் செங்கலம்

இனி, உள்ளூர்த் திறனுக்கு அப்பாற்பட்டது எனப்பட்ட இத்தாலியக் கலத்தைக் காண்போம். அதன் சிறப்பு, கண்ணாடிபோல் மின்னும் செந்நிறப் பூச்சு. மிக நுண்ணிய களிமண் துகள்களை நீரிற் படியவைத்து எடுத்த குழம்பே அப்பூச்சு. அதனைச் சுடும்போது புகை சிறிதும் தீண்டலாகாது. அதற்கென உரோமக் குயவர் தீயின் புகையைக் குழாய்களின் வழியே செலுத்தும் சூளைகளைக் கட்டினர். சூடு சூளைக்குள் பரவும். புகை கலத்தைத் தொடாது. முதலிலிருந்து இறுதிவரை ஆக்சிசன் ஏற்றம் ஒன்றே நிகழும்.

இதற்கு முற்பட்ட கிரேக்கரின் கருமெருகுக் கலமோ முற்றிலும் வேறானது. முதலில் காற்றைவிட்டுச் சிவக்கச் செய்து, பின்னர் காற்றை அடைத்துக் கருகச் செய்து, இறுதியில் மீண்டும் காற்றை விடுவர். இடைநிலையில் ஆக்சிசன் குன்றிய இரும்பு நாம் மேற்கூறியவாறு இளக்கியாக நின்று பூச்சை இறுகச் செய்துவிடும். இறுகிய பூச்சிற்குள் ஆக்சிசன் மீளப் புகாது. ஆகவே அது கருமையாகவே நிற்கும். நுண்துளை மிக்க உடற்பகுதி மட்டும் மீண்டும் சிவக்கும். இம்மறையை 1942-இல் ஜெர்மானிய வேதியலறிஞர் தியோடர் ஷூமான் விளக்கிக் காட்டினார். ஒரே கலத்தில் கருமையையும் செம்மையையும் அருகருகே நிறுத்திய கிரேக்கனை உலகம் போற்றுகின்றது. அதே இருநிறத்தைத் தன் வழியில் பெற்ற தமிழகக் குயவனை நாம் அந்நோக்கில் பார்த்ததில்லை.

இவ்விரண்டும் ஒரே தரத்தன என்று நாம் கூற வரவில்லை. அரெட்டியக் கலம் மிகுந்த வெப்பத்தில், கட்டிய சூளையில் சுடப்பட்டது. அதன் பூச்சு இறுகியது. நம் இருநிறக் கலங்கள் பெரும்பாலும் அதனினும் தாழ்ந்த வெப்பத்தில் வெந்தவை, நுண்துளை மிக்கவை. இவ்வேறுபாட்டை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. ஆயின் சூளைக் காற்றை ஆளும் அறிவு இரு நாட்டாரிடத்தும் இருந்தது என்பதை இவ்வேறுபாடு மறுக்கவில்லை. ஒருவர் புகையை விலக்கும் வழியைத் தேடினர். மற்றவர் புகையையே கருவியாகக் கொண்டனர்.

ரூலெட்டட் தட்டுகளின் கதை இங்கு நினைக்கத்தக்கது. மெல்லிய சுவரும் நுண்ணிய மண்ணும் கொண்ட இவையும் மத்தியதரைக் கடற்பகுதியோடு தொடர்புடையனவாக நெடுங்காலம் கருதப்பட்டன. 1997-இல் கோக்டே எக்ஸ்-கதிர் ஆய்வின் வழி இவற்றின் மண், வங்கத்தின் சந்திரகேதுகார், தாம்ரலிப்தி எனப்பட்ட தம்லுக் ஆகிய ஊர்களைச் சார்ந்த பகுதி மண்ணோடு ஒத்திருத்தலைக் காட்டினார். வேற்று நாட்டது என எண்ணப்பட்ட நுண்கலம் இந்நாட்டு மண்ணிலேயே பிறந்ததாயிற்று. புறத்தோற்றம் காட்டிய வழியை உள்ளிருந்த மண் திருத்திவிட்டது.

உறுதி என்பது யாது?

கலத்தின் உறுதியை ஒரே அளவுகோலால் அளத்தலும் பொருந்தாது. தட்டினால் கணீரென ஒலிக்கும் கலம் வலியது என்பர். உணவு பரிமாறும் தட்டிற்கு அது பொருந்தும். சோறு சமைக்கும் பானையின் நிலை வேறு. அது நாள்தோறும் நெருப்பில் ஏறி இறங்குகின்றது. சூடாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றப்படுகின்றது. மிக இறுகிய கலத்தில் ஒரு விரிசல் தோன்றினால் தடையின்றி ஓடிக் கலத்தைப் பிளந்துவிடும். நுண்துளையும் மணற்றுகளும் உள்ள கலத்தில் அவ்விரிசல் இடையிடையே தடைப்பட்டு நின்றுவிடும். ஆதலின் அடுக்களைப் பானைக்கு அளவான வேக்காடே உறுதி. மிகை வேக்காடு குற்றம். கடல் கடந்து மது கொணர்ந்த ஆம்போராவும் நுண்துளை உடையதே. மது கசியாதிருக்க அதன் உட்புறத்திற் பிசின் பூசினர். ஒவ்வொரு கலமும் தன் தொழிலுக்கு ஏற்ற உறுதியை உடையது.

ஈமத்தாழிகள் வேறொரு சிக்கலைக் காட்டுகின்றன. ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோர் கண்டனவும், அதன்பின் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தனவும் ஆகிய தாழிகள் அளவிற் பெரியன; சுவர் தடித்தவை. இத்தகைய சுவரின் நடுவரை ஆக்சிசன் சென்று கரியை நீக்க நெடுநேரம் வேண்டும். விரைந்து சுட்டால் வெடிக்கும். குறைத்துச் சுட்டால் மண்ணின் பாரத்தைத் தாங்காது. பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் வடிவு குலையாமல் அவற்றுட் சில நமக்குக் கிடைத்தன என்பது, சூட்டைப் பொறுமையாக ஏற்றத் தெரிந்த கைகளின் சான்றாகும்.

புறநானூற்றுச் சூளை

இலக்கியம் பயில்வோர் இவ்விடத்து 1894-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றை நினைவு கூர்வர். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய 228-ஆம் பாட்டு, கலம் வனையும் கோவை விளித்து எழுந்தது. 256-ஆம் பாட்டிலும் ஒருத்தி அவனையே விளித்துத் தனக்கும் இடம் அமையத் தாழியை அகலமாக வனையுமாறு வேண்டுகின்றாள். இவ்விரண்டிலும் உள்ள அவலச் சுவையை உரையாசிரியர்கள் நன்கு விளக்கியுள்ளனர். நாம் காட்ட விரும்புவது வேறொன்று. முடவனார் அச்சூளையினின்று எழும் புகையை, இருளே திரண்டாற் போன்று வானை அளாவுவதாகக் காட்டுகின்றார். அவர் கண்முன் நின்றது புகை மண்டிய சூளை. தெளிந்த நெருப்பில் இத்தகைய புகை எழாது. எரிபொருள் மிகுந்தும் காற்றுக் குறைந்தும் உள்ளபோதே எழும்.

உவமை ஒன்றனைக் கொண்டு தொழில் நுட்பம் முழுவதையும் நிறுவுதல் முறையன்று என்பதை நாம் அறிவோம். எந்தச் சூளையும் பற்றவைத்த தொடக்கத்திற் புகைதல் இயல்பே. எனினும் மண்ணுள் கிடைக்கும் கலங்களின் கருமையும், பாட்டில் எழும் புகையின் கருமையும் தம்முள் முரணவில்லை என்னும் அளவிற்கேனும் இச்சான்று பயன்படும்.

புதுவையின் இற்றை நிலை

இவ்வறிவு புதுவை மண்ணில் அற்றுப் போய்விடவில்லை. அண்மையில் உள்ள வில்லியனூர்ப் பகுதியில் சுடுமண் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. புதுச்சேரியிலேயே 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் ஆகிய இருவரும் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலப் பட்டறை, மிகுவெப்பத்தில் சுடும் கல்மட்கலத் தொழிலை இங்கு வேரூன்றச் செய்தது. மீக்கர் 1980-களில் ஒரு படி மேலே சென்று, பச்சைமண் செங்கல்லால் வீட்டைக் கட்டி முடித்து, அவ்வீட்டையே சூளையாக்கி உள்ளிருந்து சுடும் முயற்சியை மேற்கொண்டார். சுவரின் எல்லாப் பகுதிக்கும் சூடும் காற்றும் ஒத்துச் செல்லச் செய்வதே அம்முயற்சியின் அரிய பகுதி. அரிக்கமேட்டுக் குயவன் ஒரு சிறு கலத்தில் எதிர்கொண்ட வினாவும் அதுவே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. கலத்தின் செம்மையும் கருமையும் இனத்தின் அடையாளங்கள் அல்ல. அவை சூளையில் இறுதியாக வீசிய காற்றின் பதிவுகள். கருமை குறை வேக்காட்டைக் காட்டலாம். கைதேர்ந்த திறத்தையும் காட்டலாம். எது என்பதை மேற்புறம் சொல்லாது. உடைந்த விளிம்பே சொல்லும். உள்ளூர்த் திறன் தாழ்ந்தது என்னும் கூற்று, கலத்தின் மினுமினுப்பை மட்டும் அளந்து பிறந்தது. கருப்பு சிவப்புக் கலத்தைச் சுட்டவன் ஆண்ட காற்றை அஃது அளக்கவில்லை.

ஆகவே ஓடுகளைப் பட்டியலிடுவோர் நிறம், வடிவு, கீறல் ஆகியவற்றோடு, விளிம்பின் குறுக்குத் தோற்றத்தையும் தவறாது குறித்தல் வேண்டும். நடுவிற் கரிய பட்டை உண்டா, அதன் எல்லை கூர்மையானதா, மெல்ல மங்குவதா என்பன குறிக்கப்படின், சூளையின் இறுதிப் பொழுதுகளை நாம் ஓரளவு மீட்டறியலாம். அடுப்புக் கரியும் ஈமத்தீயும் பின்னாளில் நிறத்தை மாற்றியிருக்கக் கூடும் என்பதால், ஐயமான இடத்துச் சிறு துண்டொன்றைக் காற்றுள்ள உலையில் மீளச் சுட்டுப் பார்த்தலும் நன்று. கரியால் வந்த கருமை எரிந்து நீங்கும். இளகி இறுகிய பரப்பின் கருமை எளிதில் மாறாது. இவ்வெளிய ஆய்வுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைக் காணச் செல்லும் மாணவர், யவனர் மதுச்சாடியின் முன் நிற்பது இயல்பே. அதனை அடுத்து, நம் கருப்பு சிவப்புச் சில்லு ஒன்றன் முன்னும் சற்று நின்று, அதன் விளிம்பை நோக்குவாராக. அவ்விரு நிறங்களும் சந்திக்கும் கோட்டிலே, பெயர் தெரியாத ஒரு வேட்கோவன் காற்றை எங்கு நிறுத்தினான் என்பது இன்னும் அழியாமல் உள்ளது.